ஒரு ரேடியோ கேட்டவனுக்கு வாங்கிய ஸ்டீரியோ

"வாங்கறதே வாங்கறோம், நல்லதா ஒண்ணு வாங்கிப்போடலாம்."

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரத்தில் மட்டும் மூன்று முறை காதில் விழுந்தது. செருப்புக் கடையில் ஒருவர், பாத்திரக் கடையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும், மூன்றாவதாக என் சொந்த மருமகன். மருமகனிடம் மட்டும், "நல்லதுன்னா யாருக்கு நல்லது?" என்று கேட்டேன். அவர் என் மகளைப் பார்த்துச் சிரித்தார். கிழவனுக்குத் தொட்டதற்கெல்லாம் கோபம் என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். கோபம்தான். காரணம் இல்லாமல் வரவில்லை.

நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். சங்ககிரியில், கோயமுத்தூர் ரோட்டிலிருந்து நூற்று எண்பது தப்படி உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகும் மூன்று பேரும் ஒரே அடுப்பில்தான் இருந்தோம். அண்ணனுக்கு இரண்டு லாரி. நான் நடுவன், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தம்பிக்கு ஒரு லாரி. டிரைவர் வைக்காமல் அதை அவனே ஓட்டினான். இருபத்தொன்பது வயது, கலியாணம் ஆகவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மழையில், பெங்களூரிலிருந்து பாரம் ஏற்றித் திரும்பும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாறையில் கொண்டுபோய் மோதினான். அவன் மோதியிருக்காவிட்டால் முன்னால் போன பஸ்ஸில் இடித்திருப்பான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பது இன்றுவரை எனக்கு ஒரு குறைதான்.

உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி எதுவும் இல்லாமல் போயிற்று. இடுப்புக்கு மேலே எல்லாம் இருந்தது. இரண்டு கை, நல்ல காது, ஒரு வாய், அந்த வாயில் எந்நேரமும் ஒரு கேலி.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து பின்பக்கத்து அறையில் கட்டில் போட்டோம். அது கடலைக்காய் மூட்டை அடுக்கும் அறை. கிணற்றுக்குப் பக்கம் என்பதால் உடம்பு துடைத்துவிட, துணி அலச வசதி. முன் கூடத்தில் படுக்க வைக்கலாம் என்று அண்ணன் சொன்னபோது தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

"வாரவன் போறவனெல்லாம் என் மூத்திரச் சட்டியப் பாத்துக்கிட்டுத்தான் காப்பி குடிக்கோணுமாக்கும்?" என்றான்.

நொறுங்கிய லாரியை விற்றதில் ஆஸ்பத்திரிச் செலவு போகக் கொஞ்சம் மீந்தது. அது தம்பியின் பணம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நாங்கள் எல்லாரும் அதை மறந்துபோனோம். அண்ணன் அந்தப் பணத்தை அவன் தலைமாட்டில் வைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான்.

"சின்னண்ணா, எனக்கு ஒரு ரேடியோ வேணுமுங்க. சின்னதா இருந்தாப் போதும். கைக்கு எட்டற மாதிரி தலைமாட்டுல வெச்சுருங்க."

மொத்தம் மூன்று வாக்கியம். மூன்றிலும் 'உசத்தி' என்ற சொல் கிடையாது. 'வீட்டுக்கே' என்ற சொல் கிடையாது. பத்தாம் வகுப்புப் பையனிடம் இந்த மூன்று வாக்கியத்தைக் கொடுத்து, கேட்டது என்ன என்று எழுதச் சொன்னால் சரியாக எழுதிவிடுவான். படித்த நான்தான் தப்பாக எழுதினேன்.

நான் போட்ட முதல் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணத்துக்கு மூன்று சுமாரான ரேடியோ வரும். கூடத்துக்கு ஒன்று, சமையல்கட்டுக்கு ஒன்று, தம்பிக்குப் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ஒன்று. ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அண்ணனோடு சேலம் போனேன். கடைவீதியில் ஒரு கடைக்காரர் மூன்றையும் மேசைமேல் வைத்து ஒரே சமயத்தில் பாட வைத்தார். அது அவர் செய்த தப்பு. மூன்றும் ஒன்றையொன்று கெடுத்தன.

"தகர டப்பாவுல தவக்களையப் போட்டு ஆட்டற மாதிரி இருக்குது," என்றார் அண்ணன். "இதையா அவனுக்குக் கொண்டுபோய்க் குடுக்கறது? காலே போச்சு, காதையுமா கெடுக்கோணும்?"

"கேக்கற மாதிரிதானுங்ணா இருக்குது," என்றேன்.

"கேக்கற மாதிரி இருந்தாப் போதுமாடா வாத்தி? வாங்கறதே வாங்கறோம்..."

மீதி வாக்கியத்தைத்தான் மேலே எழுதிவிட்டேன்.

அண்ணனுக்குக் கடைவாய்ப் பல்லில் நெடுநாள் தொந்தரவு. சேலத்தில் ஒரு பல் டாக்டரிடம் அவர் போய்வந்துகொண்டிருந்தார். அந்த டாக்டர் சீமையில் படித்தவர். மறுபடியும் குடும்பத்தோடு அங்கேயே போகிறவர். வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ஸ்டீரியோ இருந்தது. அந்தச் சொல்லையே அன்றுதான் நாங்கள் கேட்டோம். நீளமான தேக்குப் பெட்டி ஒன்று. அதற்குள் ரேடியோவும் இசைத்தட்டு சுழலும் மேடையும். ஆறு குமிழ், ஐந்து அமுக்குப் பொத்தான். தனியாக இரண்டு ஒலிப்பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி உயரம்.

டாக்டர் எங்களைக் கண்ட இடத்தில் உட்கார விடவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் எட்டடி. அதே எட்டடியில் எதிரே ஒரு சோபா. "இங்கே உட்கார்ந்தால்தான் கேட்கும்," என்றார். சமபக்க முக்கோணம்! இருபது வருஷமாகக் கரும்பலகையில் போட்டு அழித்துக்கொண்டிருக்கும் உருவம் ஒரு வீட்டுக்குள் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அங்கேயே பாதி மனசு போய்விட்டது.

அவர் ஒரு தட்டைப் போட்டார். பாட்டு இல்லை, வெறும் சத்தங்கள். அதில் ஒரு ரயில். இடது சுவருக்கு அப்பால் எங்கோ கிளம்பி, வளர்ந்து, எங்கள் முகத்துக்கு முன்னால் தடதடவென்று குறுக்கே ஓடி, வலது சுவரைத் துளைத்துக்கொண்டு போயிற்று. அண்ணன் தலையை இடமிருந்து வலமாகத் திருப்பினார். ரயில் போய்விட்ட பிறகும் வலது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோடு," என்றார். "ரோட்டோரம் நிக்கற மாதிரியே இருக்குதுடா. அவன் ரோட்டப் பாத்து எட்டு மாசம் ஆச்சு."

அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணன் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். கெட்டவன் ஒருவன் அப்படிச் செய்திருந்தால் ஒரு வசவோடு மறந்திருப்பேன்.

என் கையிலிருந்த தாளில் மூன்று ரேடியோவையும் நானே அடித்தேன். மூன்று ரேடியோவுக்குத் தபாலாபீசில் வருஷா வருஷம் மூன்று லைசென்ஸ் எடுக்க வேண்டும், இதற்கு ஒன்று போதும் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துச் சொன்னேன். டாக்டர் பதினொரு இசைத்தட்டுகளைச் சும்மாவே கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகு தெரிந்தது, தம்பியின் அறை வாசல் இரண்டடி நாலங்குலம். தேக்குப் பெட்டியின் குறைந்த பக்கம் இரண்டடி எட்டு. ரோட்டிலிருந்து வீடு எத்தனை தப்படி என்று தெரிந்தவன், பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு எத்தனை என்று தெரிந்தவன், அந்த வாசலை அளக்கவில்லை. மாதக்கணக்காக ஒரு நாளைக்கு நாலு தரம் அதில் நுழைந்து வெளியே வந்தவன்.

ஸ்டீரியோவைக் கூடத்தில் வைத்தோம். தம்பி கட்டிலிலிருந்தே, "வந்துருச்சுங்களா?" என்று கேட்டான். வந்துவிட்டது, ஆனால் உன்னிடம் வராது என்று யார் சொல்வது? அண்ணன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு ஒலிப்பெட்டிகளைப் பார்த்தார்.

"ஏண்டா வாத்தி, ரெண்டு பொட்டி எதுக்குடா ஒரே ரூமுல? ஒரே பாட்ட ரெண்டு தடவையா கேக்கறது? ஒண்ணு இங்க இருக்கட்டும். ஒண்ண அவன் ரூமுல வெச்சுரு. ஆளுக்கொண்ணு."

எங்கள் பக்கம் எது இரண்டாக இருந்தாலும் ஆளுக்கொன்று என்பதுதான் முதல் யோசனை. கிணறு ஒன்றானால் முறை வைத்து இறைப்போம். மாடு இரண்டானால் தொண்டுப்பட்டியில், அதாவது தொழுவத்தில், நிற்கும்போதே எது யாருடையது என்று சொல்லிவிடுவோம். பங்கு சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்கிற ஜனங்கள். அண்ணனுக்கு அது நியாயமாகப் பட்டதில் தப்பு இல்லை. எனக்குத்தான் தெரியும். சமபக்க முக்கோணத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். ஒரு முனையைப் பிடுங்கிச் சுவருக்கு அப்பால் நட்டால் அது முக்கோணமே இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுவரில் ஓட்டை எங்கே போடுவது, ஒயர் எவ்வளவு வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தேன். நாற்பத்தொரு அடி. அரையடி மிச்சம் இல்லாமல் சரியாக வந்தது என்று அன்று பெருமைப்பட்டேன்.

முதல் சில நாள் எல்லாம் நன்றாகவே இருந்தது. ரேடியோப் பாட்டு இரண்டு பெட்டியிலும் ஒன்றுபோலத்தான் வரும். தம்பி கேட்டான், தாளம் போட்டான். பகலில் சுற்று வட்டாரத்தில் பம்பு செட்டெல்லாம் ஓடினால் கரண்டு இறங்கிப் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி குரல் அமுங்கும். "இவரு பழைய சோத்தத் தின்னுபோட்டுப் பாட வந்துட்டாருங்க," என்பான்.

இசைத்தட்டு போட்டபோதுதான் வேறு கதை. பதினொன்றில் நம்மவர் பாடியது ஒன்றே ஒன்று. சீமையில் பதிவு செய்தது. கூடத்துப் பெட்டியில் பாட்டு. தம்பியின் பெட்டியில் மிருதங்கம். பாட்டு அவன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பெரியண்ணா!" என்று உள்ளேயிருந்து கத்தினான். "பாட்டுக்காரரு உங்க ஊட்டு விருந்தாளி, மேளகாரரு மட்டும் எனக்குங்களா? பந்தியிலயே இந்தப் பாகுபாடு கூடாதுங்க!"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சிரிக்க முடியாத விஷயம் குமிழ்தான். ஆறு குமிழும் ஐந்து பொத்தானும் கூடத்தில் இருந்தன. அவனுக்கு வந்தது சத்தம் மட்டும். எந்த நிலையம், எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம், எப்போது ஆரம்பம், எப்போது முடிவு, எல்லாம் நாற்பத்தொரு அடிக்கு அப்பால் வேறு யாரோ முடிவு செய்தார்கள். "மாத்துங்க" என்று அவன் கத்தினால் கூடத்தில் கேட்காது. ஏனென்றால் அது அவ்வளவு உசத்தியான ஸ்டீரியோ. சாதாரண ரேடியோவாக இருந்திருந்தால் அவன் குரல் அதை மீறிக் கேட்டிருக்கும்.

அதற்கும் நான் ஒரு வழி செய்தேன். கட்டிலோரம் ஒரு மூங்கில் தடி வைத்து, சுவரில் தட்டும் முறை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தட்டு என்றால் நிலையத்தை மாற்று. இரண்டு என்றால் சத்தத்தைக் குறை. மூன்று என்றால் நிறுத்து. தம்பி நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டான். ஒரு மாதம் நான் வீட்டிலிருந்த நேரங்களில் எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பத்தாறு முறை தட்டினான். யாராவது எழுந்து போய்க் குமிழைத் தொட்டது முப்பத்தொரு முறை. அந்த முப்பத்தொன்றில் பத்தொன்பது முறை எழுந்தது நங்கையா. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். மாவுக் கையோடு சமையல்கட்டிலிருந்து அவர் ஓடி வருவார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகள், "இந்தப் பாட்டு முடியட்டும்" என்போம்.

இதற்கிடையில் ரயில் ஊர் முழுக்கப் பிரசித்தமாகிவிட்டது. லாரிக்காரர்கள், புரோக்கர்கள், குமாரபாளையத்திலிருந்து தறிக்காரர்கள், பவானிப் பாலம் தாண்டிக்கூடச் சிலர், ரயிலைக் கேட்க வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் அந்தத் தட்டைப் போட்டார். கூடத்தில் ஒரு பெட்டிதான் இருந்தது என்பதால் ரயில் வரும், நடுவில் மறைந்துபோகும். "மீதி எங்கீங்க?" என்று கேட்டால், "தம்பி ரூமுக்குள்ளாற போகுது, வாங்க!" என்று விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் நடைவழியில் ஓடுவார். ஐம்பது வயது மனுஷன், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரயிலுக்குப் பின்னால் ஓடினார். ஓடிப்போய் நின்று, கட்டிலில் கிடக்கிற தம்பியின் தலைக்கு மேல் விரலை நீட்டி, "பாருங்க, பாருங்க, இப்பத்தான் போகுது!" என்பார். தம்பி வந்தவர்களுக்கு வணக்கம் சொல்வான்.

ஒரு நாள் நான் அவனோடு தனியாக இருந்தபோது கேட்டேன். "ரயில் எப்படி இருக்குது?"

"உங்க பக்கம் வருது, என் பக்கம் போகுதுன்னு பெரியண்ணன் சொல்றாருங்க," என்றான். "எனக்கு அப்படி இல்லீங்க. சும்மா இருக்கறப்ப திடீர்னு மேல வந்து உழுது."

நான் அதைக் கேலி என்று நினைத்தேன்.

அண்ணனின் மூத்த மகளைப் பெண் பார்க்க ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மொத்தம் பதினான்கு பேர். தம்பிக்கு அன்று காய்ச்சல். காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. பலகாரம் ஆனது, பேச்சு ஆனது, மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர், "ரயிலு வெச்சிருக்கறதாச் சொன்னாங்களே," என்றார். அண்ணன் தட்டை எடுத்தார். நங்கையா கதவோரம் நின்று, "ஏனுங்க, தம்பிக்குக் காய்ச்சலுங்க," என்றார். "ஒரே ஒரு தடவை," என்றார் அண்ணன்.

முதல் தடவை முடிந்ததும் மூன்று தட்டுக் கேட்டது. தாய்மாமன் மறுபடியும் போடச் சொன்னார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அண்ணன் குமிழைக் கடைசி வரை திருப்பினார். மூன்று தட்டு. மறுபடியும் மூன்று. பிறகு மூன்று மூன்றாக இல்லை, இடைவிடாமல் தட்டினான். நான் குமிழிலிருந்து நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் எழுந்துபோய் அண்ணன் போட்டதை நிறுத்துவது மரியாதையா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டு என்ன செய்தேன் தெரியுமா? எண்ணினேன். நாற்பத்திரண்டு வரை எண்ணினேன். அதன் பிறகு தட்டுச் சத்தம் நின்றது. ஏதோ உடைந்த சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், தலைமாட்டிலிருந்த பித்தளைச் சொம்பைத் தூக்கி ஒலிப்பெட்டியின் மேல் எறிந்திருக்கிறான். முன்பக்கத் துணி கிழிந்து, உள்ளே காகிதக் கூம்பு பிளந்து தொங்கியது. தரையெல்லாம் தண்ணீர். ரயில் அந்தப் பிளந்த கூம்பில் கரகரவென்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் கிழிந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். நான் பேசினேன். இதை எழுதத்தான் இவ்வளவு எழுதினேன்.

"எவ்வளவு அருமையான பொருள்டா! இந்தத் தாலுக்காவுலயே இப்படி ஒண்ணு கிடையாது. உனக்காகத்தானே வாங்கினோம்? நன்றி வேண்டாமா?" என்று கேட்டேன். அவன் பணத்தில் வாங்கிவிட்டு, அவனிடமே நன்றி கேட்டேன்.

அவன் மூச்சு வாங்க என்னைப் பார்த்தான். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"சின்னண்ணா, அது உங்களுக்கு ரயிலுங்க," என்றான். "எனக்கு அது கணவாயில கேட்ட சத்தம். அதுகூடப் பரவாயில்லீங்க, மனசைத் தேத்திக்குவேன். எப்ப வரும்னு தெரியாம இப்படி மல்லாக்கப் படுத்திருக்கறதுதான் முடியலீங்க. அன்னைக்கும் பிரேக்கு என் கால்ல இல்ல. இன்னைக்கும் இல்ல."

பெண் பார்க்க வந்தவர்கள் நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நங்கையா அவர்களைப் பொருட்படுத்தவில்லை. முந்தானையால் தரைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்து, கட்டிலைக் காட்டினார்.

"அந்த சாமி ஒரு ரேடியோக் கேட்டுது. நீங்க ரெண்டு பேரும் போய் ஒரு ரயில வாங்கிட்டு வந்தீங்க. படிச்சவரு ஒருத்தரு, ஊரு சுத்துனவரு ஒருத்தரு."

"நீ சும்மா இரு," என்றார் அண்ணன். குரலில் பலம் இல்லை.

"சும்மாதானுங்க இருந்தேன் இத்தனை மாசம்."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நான் தனியாகச் சேலம் போனேன். அதே கடை. டிரான்சிஸ்டர் ஒன்று, தோல் உறையோடு. அதன் விலையைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இதை முதலிலேயே ஏன் வாங்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு குமிழ். ஒன்று நிலையம் மாற்ற. மற்றது போட, அணைக்க, சத்தம் கூட்டக் குறைக்க. கடைக்காரர், "இதுக்கு முன்னாடி பாத்ததுல ஒண்ணுகூட உங்களுக்குப் பிடிக்கலையேங்க?" என்று கேட்டார். அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

திரும்பும்போது தபாலாபீசில் இறங்கி, தம்பி பெயரில் ரேடியோ லைசென்ஸ் எடுத்தேன். ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டாவது என்று அங்கிருந்தவர் கேட்டார். வீடு ஒன்று, ஆள் ஏழு பேர் என்று சொன்னேன்.

தம்பிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ரேடியோவை அவன் நெஞ்சின்மேல் வைத்தேன். உறையை முகர்ந்து பார்த்தான். பிறகு வலது கைக் கட்டைவிரலைக் குமிழில் வைத்துத் திருகினான். 'டிக்' என்றது. கரும்பில் குருத்துப் பூச்சி பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் தகர டப்பாதான். அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை. தம்பி மற்றக் குமிழைத் திருகினான். ஒரு நாகஸ்வரம். ஒரு இந்திப் பாட்டு. இரைச்சல். மறுபடியும் கரும்பு. எதிலும் நிற்கவில்லை. பிறகு அணைத்தான்.

"ஏன், புடிக்கலையா?" என்றேன்.

"புடிச்சிருக்குதுங்க."

மறுபடியும் போட்டான். ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள், நல்ல பாட்டு. ஒரு அடி முடிவதற்குள் அணைத்தான். போட்டான். அணைத்தான். பேட்டரி வீணாகிறதே என்று எனக்கு உள்ளே அரித்தது. வாயைத் திறந்தேன்.

"எண்ணிக்கிட்டு இருக்கறீங்களாக்கும்?" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். முந்தின நாளுக்குப் பிறகு அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தார். உடைந்த ஒலிப்பெட்டி இருந்த இடம் காலி. ஒயர் மட்டும் சுவர் ஓட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. தம்பி ரேடியோவைப் போட்டான். செய்தி ஆரம்பித்தது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். நிலைப்படியில் உட்காரவும் போனார். இரண்டாவது செய்தியின் நடுவில் தம்பி அணைத்தான்.

"ஏண்டா! முழுசாக் கேக்க உடு," என்றார் அண்ணன்.

"போதுமுங்க."

"அப்பறம் எதுக்குடா ரேடியோ? கேக்கறதுக்குத்தானே? நான் அன்னைக்கே சொன்னேன், இதுல என்ன கேக்கும், வாங்கறதே..."

தம்பி அவரைப் பார்த்துக்கொண்டே, ஏற்கெனவே அணைந்திருந்த குமிழை இன்னும் ஒரு இழை இடப்பக்கம் அழுத்தித் திருகினான், அண்ணனையும் சேர்த்து அணைப்பதுபோல.

அண்ணன் நிறுத்திக்கொண்டார். பிறகு வாசலின் அகலத்தை ஒருமுறை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்துவிட்டு வெளியே போனார். கிணற்றில் யாரோ வாளி விடும் சத்தம் வந்தது. தம்பி ரேடியோவை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அந்த வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.